வீட்டுக்குப் பின்னால் ஒரு புதுப் புகை

ஜனவரி 18, வியாழன்.

எர்ச்சிம் இன்று செய்த தவறு சிறியதுதான். சத்தத்தை யோசித்தான்; புகையை மறந்துவிட்டான்.

அக்டோபரிலிருந்து பனியில் செத்துக் கிடக்கும் ஒரு காரைச் சத்தமில்லாமல் எப்படிச் சூடாக்குவது? யாகுத்ஸ்க் நகரத்துக் கராஜில் வேலை செய்யும்போதும், மாலையில் வாகன மின்சார வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் ஒரு வாரமாக இதே நினைப்புதான் அவனுக்கு. தீச்சுடரை ஊதும் ப்ளோ லாம்ப் உறுமினால் தெருக்கோடி வரை கேட்கும். அக்கா வீட்டிலிருந்து கரண்ட் இழுக்கலாம் என்றால் மீட்டர் பெட்டியில் அவள் கணவன் கவ்ரீல் பூட்டுப் போட்டிருக்கிறான். கடைசியில் மிஞ்சியது இரண்டு வழி. எஞ்சினுக்கு அடியில் ஒரு தட்டு அடுப்புத் தணல். கேபினுக்கு, கராஜில் கடன் வாங்கிய சின்ன டீசல் ஹீட்டர். அது பூனை மூச்சு விடுகிற மாதிரிதான் சத்தம் போடும். சரியாக யோசித்தோமா என்று அவன் திரும்பத் திரும்பத் தன்னையே கேட்டுக்கொண்டான். சரி என்றுதான் தோன்றியது. தோன்றியதால்தான் பயமாகவும் இருந்தது.

அவனுடைய அக்கா துயாரா, கவ்ரீலைக் கட்டிக்கொண்டு லேனா ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கிராமத்தில் இருந்தாள். கவ்ரீல் ஊர்க் கொதிகலன் கூடத்தில் கரி தள்ளுகிறவன். இரவு ஷிப்ட் போகும்போதெல்லாம் அவளுடைய மேல்கோட்டையும் காலணியையும் எடுத்துப்போய்த் தன் லாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவான். மைனஸ் ஐம்பதைத் தாண்டிய குளிரில் அதைவிடப் பெரிய பூட்டு எந்தக் கதவுக்கும் தேவையில்லை. அப்பா விட்டுப்போன கார் அவளுடையதுதான். வீட்டுக்குப் பின்னால் போர்வை போர்த்திக் கிடந்தது. அதன் பேட்டரியைக் கவ்ரீல் கழற்றி விற்றுவிட்டான். ஊர்க் காவலரிடம் சொல்லலாம் என்றால் அவர் கவ்ரீலோடு வேட்டைக்குப் போகிறவர்.

கேபின் சூடாகிவிட்டால் போதும். துயாரா வீட்டுச் செருப்போடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலிலிருந்து நாலு எட்டு ஓடி உள்ளே ஏறிவிடலாம். சூடாகாவிட்டால் நாலு மாதக் குழந்தை சுலுஸ் ஆற்றைக் கடப்பதற்குள் விறைத்துப் போகும். எல்லாம் அந்தக் கேபினில்தான் இருந்தது.

விடிகாலை இருட்டில் ஷேர் வேன் அவனை ஊர் முனையில் இறக்கிவிட்டு வடக்கே போய்விட்டது. கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்த பேட்டரி, முதுகுப் பையில் ஹீட்டர், கையில் டீசல் டப்பா. பின்கதவு விரலளவு திறந்தது.

"வந்துட்டியா தம்பி?"

"கதவை ரொம்பத் தொறக்காதக்கா. சூடு போயிடும்."

"ஆமா, இந்த வீட்டுல சூடு போறதுதான் பெரிய கவலை. என் மூஞ்சியப் பாரு."

பார்த்தான். இடது கண் மூடிக்கிடந்தது. கீழுதடு பிளந்து கறுப்பாக உறைந்திருந்தது.

"தணல் வேணும்க்கா. ஒரு தட்டு நிறைய."

"அதான? கண்ணப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்ட. மெக்கானிக்குடா நீ."

இரும்புத் தட்டில் செந்தணலை அள்ளிக் கொடுத்தாள். அவன் போர்வையின் முன்பக்கத்தைத் தூக்கித் தட்டை ஆயில் தொட்டிக்கு நேர் கீழே தள்ளி, போர்வையைத் தணல் படாமல் தரைவரை இழுத்துவிட்டு, மூலைகளைப் பனிக்கட்டியால் அழுத்தினான். பேட்டரியைக் கேபினுக்குள் சீட்டுக்கு அடியில் வைத்தான். அதுவும் சூடாக வேண்டும். ஹீட்டரைப் பனியில் நிறுத்தி, அதன் வெப்பக் குழாயைக் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே விட்டு, இடுக்கைத் துணியால் அடைத்தான். புகைக்குழலை மேல்நோக்கித் திருப்பினான். பேட்டரியிலிருந்து வயர் கொடுத்ததும் ஹீட்டர் ஒரு தடவை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

காற்று சீக்கிரம் சூடாகிவிடும், சீட்டு சூடாகாது என்பது அவனுக்குத் தெரியும். கல்லாகிப்போன சீட்டின்மேல் குழாய் வாயைத் திருப்பி வைத்தான். கண்ணாடியில் படிந்திருந்த வெண்பனி ஓரத்திலிருந்து உருகத் தொடங்கியது.

"மாமா எப்போ வருவாரு?"

"மாமாவாம் மாமா. விடிஞ்சு ஆள் மாறினாத்தான். மாத்த வர்றவன் குடிகாரன், என்னைக்கும் லேட்டு."

"இன்னைக்குக் குடிக்காம வந்துட்டா?"

"அவன் குடிக்காம வந்தா ஊரே கூடி வேடிக்கை பாக்கும். நீ வேலையப் பாரு."

குடிகாரன் குடிகாரனாகவே இருந்தான். அவனால் ஒன்றும் கெடவில்லை. காட்டிக்கொடுத்தது வானம். காற்று துளிகூட இல்லை. ஊரில் ஒவ்வொரு வீட்டுப் புகையும் நட்டுவைத்த கம்பம் மாதிரி நேராக நின்றது. கிழக்கு வெளுக்க ஆரம்பித்ததும் கொதிகலன் கூடத்து வாசலில் நின்று சிகரெட் பிடித்த கவ்ரீல் அந்தக் கம்பங்களைப் பார்த்தான். வருடக்கணக்காகப் பார்க்கிற புகைகள். அவன் வீட்டுப் புகைக்கு அருகில் மெலிதாக, வெள்ளையாக, இன்னொன்று நின்றது.

எர்ச்சிம் சீட்டைத் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பு. ஹீட்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றி எஞ்சினில் மாட்டக் குனிந்தபோது பனியில் காலடி கிறீச்சிட்டது.

"என்னடா மச்சான், என் வீட்டுக்குப் பின்னாடி புதுசா கொதிகலன் போட்டிருக்க?"

திரும்புவதற்குள் அடி விழுந்தது. கரி கிளறும் கம்பி. தோள்பட்டையில் ஏதோ காய்ந்த கிளை மாதிரி முறிந்தது. எர்ச்சிம் பானெட்டின் மேல் சாய்ந்து சரிந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கரி போட்டிருப்பேனே! பள்ளிக்கூடத்துக்குச் சூடு குடுக்குற அடுப்ப விட்டுட்டு ஓடி வந்திருக்கேன். பிள்ளைங்க நடுங்கினா உன் பேரத்தான் சொல்லுவேன்."

இரண்டாவது அடி தொடையில். மூன்றாவது அடி எர்ச்சிம்முக்கு இல்லை, காருக்கு. பின்கதவுக் கண்ணாடி உடைந்து பொடியாக உள்ளே கொட்டியது. அவ்வளவு நேரம் சேர்த்துவைத்த சூடு அந்த ஓட்டை வழியாக வெள்ளை மேகமாகப் பீறிட்டுப் போனது. அந்த மேகத்தைப் பார்த்துத்தான் எர்ச்சிம்முக்கு முதல்முறையாகக் கொலைவெறி வந்தது. அதுவரை வலி மட்டும்தான் இருந்தது.

"இப்போ சூடாக்குடா! ஆக்கு, பாப்போம்!"

எர்ச்சிம் அவன் முழங்காலைக் கட்டிப்பிடித்து இழுத்தான். இருவரும் பனியில் உருண்டார்கள். கவ்ரீல் கனமானவன். மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு, பிடி வழுக்குகிறதென்று கையுறைகளைப் பல்லால் கடித்து உருவித் துப்பினான். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து எர்ச்சிம்மின் கழுத்தில் குறுக்காக வைத்து அழுத்தினான். அந்த ஊரில் நடக்கப் பழகுகிற பிள்ளைகூட வெறுங்கையால் இரும்பைத் தொடாது. கோபம் அவனை வெளியூர்க்காரனாக்கிவிட்டது.

எர்ச்சிம்முக்குக் கண் இருண்டது. கை எதையோ தேடித் துழாவி ஹீட்டரின் புகைக்குழலில் பட்டது. கையுறை கருகியது. விடவில்லை. குழலைப் பிடுங்கிக் கவ்ரீலின் கன்னத்தில் வைத்து அழுத்தினான். சுர்ரென்ற சத்தம், முடி பொசுங்குகிற நாற்றம், அப்புறம் அலறல். கவ்ரீல் துள்ளி எழுந்து முகத்தைப் பொத்தக் கையைத் தூக்கினான். கை தனியாக வரவில்லை. வியர்த்த உள்ளங்கை கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பியும் சேர்ந்து வந்து அவன் நெற்றியில் மோதியது.

"விட்டுத் தொலைடா! இத எடுங்கடா!" என்று கத்தினான். யாரைச் சொன்னான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

அப்போது துயாரா வெளியே வந்தாள். வீட்டுச் செருப்பு, மெல்லிய கவுன், கையில் விறகுக் கட்டை. ஒன்றும் பேசவில்லை. பின்மண்டையில் ஒரு அடி. அவன் முட்டி மடங்கினான். இன்னொரு அடி. குப்புற விழுந்தான். மூன்றாவது முறை அவள் கை ஓங்கியபோது எர்ச்சிம் நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"போதும்க்கா."

"எனக்குப் போதாது."

"செத்துருவான்க்கா."

"சாகட்டும். இங்கேயே கிடக்கட்டும். நான் அடிக்கக்கூட வேணாம், மத்தத இந்தக் குளிரு பாத்துக்கும்." அவள் பற்கள் கிட்டித்தன. செருப்புக்குள் அவள் பாதம் வெளுத்துப்போவதை எர்ச்சிம் பார்த்தான். கவ்ரீலின் முதுகு ஏறி இறங்கியது. கன்னத்துக் காயத்திலிருந்து ஆவி எழுந்தது. விட்டுவிட்டுப் போனால் சுடுதண்ணீர் ஆறுகிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். யாரும் கேட்கப்போவதில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தது. இதையும் யோசித்தான் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

"அக்கா, உன் காலு. அவன் காலுல இருக்கறதக் கழட்டு."

அவள் ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். பிறகு பிளந்த உதடு வலிக்கச் சிரித்தாள். குனிந்து கவ்ரீலின் கலைமான் தோல் காலணிகளை உருவினாள். தொடைவரை வந்தன; அவளுடைய இரண்டு பாதமும் ஒன்றிலேயே அடங்கிவிடும் போலிருந்தது. கோட்டையும் தொப்பியையும் கழற்றினாள். ஆளுக்கொரு கையைப் பிடித்து அவனை வீட்டுக்குள் இழுத்தார்கள். முறிந்த தோளோடு எர்ச்சிம் வாசற்படியில் ஒருமுறை வாந்தியெடுத்தான். சூட்டில் கம்பி தானாகவே கழன்றது. உள்ளங்கைத் தோல் அதிலேயே தங்கிவிட்டது. அவனைப் புரட்டி அடுப்பருகே படுக்கவைத்துத் தலைக்கடியில் துணி திணித்தாள். ஆணியில் தொங்கிய அவனுடைய பழைய கோட்டு, மூலையில் கிடந்த கம்பளிக் காலணி, எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டாள்.

கவ்ரீல் முனகிக்கொண்டே ஒரு கண்ணைத் திறந்தான்.

"எங்கடி போற?"

"கடைக்கு. நீயும் வாயேன், வெறுங்காலோட."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து கதவை வெளியிலிருந்து பூட்டினாள்.

தட்டில் தணல் சாம்பல் பூத்திருந்தாலும் உள்ளே சிவப்பு இருந்தது. ஆயில் தொட்டியை எர்ச்சிம் தொட்டுப் பார்த்தான். கை பொறுக்கும் சூடு. பேட்டரியை எஞ்சினில் மாட்டி, அக்கா கொடுத்த மாற்றுச் சாவியைத் திருப்பினான். முதல் தடவை எஞ்சின் கிழவன் மாதிரி முனகியது. சீக்கிரம் திருப்பிவிட்டோமோ, தணல் போதவில்லையோ என்று யோசித்துக்கொண்டே மறுபடி திருப்பினான். இரண்டாவது தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.

கார்ப் போர்வையை உரித்து, உடைந்த பின்ஜன்னலின் மேல் உள்பக்கமாகத் தொங்கவிட்டு, கதவு விளிம்பில் நெரித்து இழுத்துச் சாத்தினான். மீதியைச் சீட்டின் மேல் கூடாரம் போலக் கட்டினான். அந்தக் கூடாரத்துக்குள் துயாரா, கவ்ரீலின் கரி நாற்றமடிக்கும் கோட்டுக்குள், அதற்குள் சுலுஸ். ஹீட்டரை முன்சீட்டில் ஏற்றி, புகைக்குழலை மறுபடி மாட்டிக் கண்ணாடி இடுக்கு வழியாக வெளியே விட்டு, வெப்பக் காற்று முழுவதையும் அங்கே திருப்பிவிட்டு, தனக்கு எதிரே கண்ணாடியில் படியும் பனியை ஒரு கையால் சுரண்டிக்கொண்டே ஓட்டினான். கொதிகலன் கூடத்தைக் கடக்கும்போது மாற்று ஆள் அப்போதுதான் தள்ளாடிக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

துயாரா ஜன்னலை இறக்கினாள். "கவ்ரீல் வீட்டுல அடிபட்டுக் கிடக்கான். நர்ஸக் கூட்டிட்டுப் போ. சாவி வாசப்படிக்குக் கீழ இருக்கு."

"அவனுக்கு என்ன ஆச்சு?"

"சூடு பட்டுருச்சு."

உறைந்த ஆற்றின் பனிப்பாதையில் இறங்கியதும் குழந்தை அழுதது. எர்ச்சிம்முக்கு உயிர் போய் வந்தது.

"குளிருதா அவனுக்கு? அக்கா, கை காலெல்லாம் பாரு!"

"வேர்க்குதுடா," என்றாள். "ரொம்ப சூடாக்கிட்ட. கொஞ்சம் குறை."

குறைக்கக் கை வரவில்லை. நகரத்து மருத்துவமனை வாசல் வரை அப்படியே வைத்திருந்தான்.

தோளெலும்பு முறிந்திருக்கிறது; கட்டுப் போட்டாயிற்று. துயாராவின் வலதுகால் விரல்களில் கொப்புளம். விரல் போகாது என்றார்கள். அவள் அடித்ததையும் எர்ச்சிம் சுட்டதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னார்கள்.

நாளை காலை நகரத்துக் காவல் நிலையத்துக்குப் போய் இருவரும் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அதற்கு முன், அக்காவுக்கு அவள் காலளவில் ஒரு ஜோடி காலணி வாங்க வேண்டும்.