மலர்விழியின் மழை

மலர்விழிக்கு மட்டும் ஒரு மழை வரும். வானத்தில் பொட்டு மேகம் இருக்காது, மல்லசமுத்திரம் முழுக்க வெயில் கொளுத்தும், அவள் மூக்கில் மட்டும் செம்மண் நனைந்த வாசம் ஏறும். பிறகு சத்தங்கள் விலகிப் போகும். அண்ணனின் பண்ணையில் பத்தாயிரம் கோழிகள் போடும் கூச்சல், எங்கோ அடுத்த ஊர்த் திருவிழா மாதிரிக் கேட்கும். வெளிச்சம் தண்ணீருக்கடியிலிருந்து பார்ப்பதுபோல் மெல்ல அசையும். பயமே இருக்காது. அது அவ்வளவு அழகாக இருக்கும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

சில சமயம் அதோடு சரி, வாசம் வந்த வழியே போய்விடும். சில சமயம் வலிப்பு வரும். விழித்துப் பார்த்தால் கையில் யாரோ திணித்த வண்டிச் சாவி இருக்கும். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, இந்த முப்பத்தேழு வயதுக்குள் அந்த வட்டாரத்து வண்டிச் சாவிகளில் பாதி அவள் கைக்கு வந்து போயிருக்கும்.

அம்மா இருந்தவரை இதெல்லாம் பெரிய விஷயமில்லை. வாசம் வந்ததும் மலர்விழி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். அம்மா ஒரு துண்டைச் சுருட்டி எடுத்து வருவாள். வலிப்பு வந்தால் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுக்க வைப்பாள். வராவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போவாள். போன ஆடியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். துண்டின் ரகசியமும் அவளோடு போயிற்று.

அண்ணன் ஜெகதீஸ்வரனும் அண்ணி மதுமதியும் கெட்டவர்கள் இல்லை. வேளைக்குச் சோறு, வேளைக்கு மாத்திரை, எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் மலர்விழிக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடிக்கும். சொல் உள்ளேயிருந்து நடந்து வர வேண்டும். அது வாசலுக்கு வருவதற்குள், கேட்டவர்கள் பதிலையும் தாங்களே சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

கார்த்திகையில் அவள் பண்ணைத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தாள். தீவன மூட்டை இறக்க வந்த ஆள் பார்த்துத் தூக்கியிராவிட்டால் கதை அன்றே முடிந்திருக்கும். நெற்றியில் ஏழு தையல். அன்றிலிருந்து ஜெகதீஸ்வரனுக்கு உறக்கமில்லை. இவளை எப்படிக் காப்பாற்றுவது என்று மனைவியிடம் கேட்டான், மாமனிடம் கேட்டான், கோழிக்கு ஊசி போட வந்த டாக்டரைக்கூட விடவில்லை. நாமக்கல்லுக்கு வெளியே இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது, ராப்பகல் நர்சு உண்டு, கேட்டுக்குப் பூட்டு உண்டு என்றார்கள். ஊரையே கேட்டுவிட்டான். கேட்காத ஒரே ஆள், உள்ளே உட்கார்ந்து அவன் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தாள்.

அப்படியும் மனசு ஆறவில்லை. கடைசியில், சாமியிடம் பூக்கேட்டு விடலாம் என்று முடிவானது.

பூக்கேட்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் இலையில் மடித்துச் சாமி முன்னால் போட வேண்டும். சூதுவாது தெரியாத ஒரு குழந்தை கண்ணை மூடி எதை எடுக்கிறதோ, அதுதான் உத்தரவு. பூவைப் பறித்து வரும் வேலை வழக்கம்போல் மலர்விழிக்கு வந்தது. செடிசெடியாக நின்று நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்தாள். காரின் டிக்கியில் தன் துணிமணிகள் வைத்த பை ஏற்கனவே ஏறியிருந்ததையும் பார்த்தாள்.

குலசாமி கோயில் சோளக்காட்டு நடுவில் தனியாக இருந்தது. காற்றில் சோளத் தட்டைகள் சலசலத்தன. பூசாரி சின்னண்ணன் பொட்டலங்களைப் போட்டுவிட்டு, குழந்தை எங்கே என்று கேட்டார். அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. மகள் கனிஷ்கா நாமக்கல்லில் ஹாஸ்டல் பள்ளியில் இருக்கிறாள். சுற்றுவட்டாரத்தில் இருக்கும் குழந்தைகள் எல்லாம் பள்ளிக்கூட வேனில் போயாயிற்று.

மதுமதிதான் மலர்விழியைக் காட்டினாள். "இவளும் கொழந்தையாட்டத்தானுங்க."

சின்னண்ணன் உரக்க வேண்டிக்கொண்டார். வெள்ளை வந்தால் இந்தப் பெண் வீட்டில் இருக்க வேண்டும், சிவப்பு வந்தால் நாமக்கல் போக வேண்டும். மலர்விழி ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள். சாமி மேல் அவளுக்கும் பக்தி உண்டு, ஏமாற்றத் தோன்றவில்லை. கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

ஜெகதீஸ்வரன் மூச்சை விட்டான். நிம்மதியா துக்கமா என்று அவனுக்கே தெரியவில்லை. உத்தரவாகிவிட்டது, கிளம்பலாம் என்றான். கற்பூரம் எரிந்து முடிந்தது.

அப்போது சோளக்காட்டுக்கு மேலிருந்து மழை வந்தது. அவளுடைய மழை. செம்மண் வாசம் மூக்கில் ஏறியது. தட்டைகளின் சலசலப்பு விலகி விலகி வெகுதூரத்து ஆறாயிற்று. கல்தரை மெதுவாக அசைந்தது. எல்லாம் அழகாக இருந்தது. மலர்விழி உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து ஒரு சொல் நடந்து நடந்து வாசலுக்கு வந்தது.

"அண்ணா, உக்காரலாமுங்களா?"

ஜெகதீஸ்வரன் திரும்பினான். "அதை எதுக்கு அம்மிணி கேக்கறே?"

என்னவோ அன்றைக்கு அவன் காத்திருந்தான். கால் நிமிடம்கூட இருக்காது. அவன் அவளுக்காக அவ்வளவு நேரம் நின்றது அதுதான் முதல் தடவை.

"கண்ட எடத்துல உக்காரக் கூடாதுன்னு அண்ணி சொன்னாங்க. தொட்டிக்கிட்டயும் மண்ணு வாசம் வந்துச்சுங்க. வாசம் வந்தா உக்காந்துக்குவேன். அன்னைக்கு உக்காரலீங்க."

மதுமதி வாயைப் பொத்திக்கொண்டாள். வந்தவர்கள் போனவர்கள் முன்னால் நடு வாசலில் சப்பணமிட்டு உட்காருகிறாளே, சோம்பேறித்தனம் என்று நினைத்து எத்தனை முறை எழுப்பிவிட்டிருக்கிறாள். நல்லது என்று நினைத்துத்தான் சொன்னாள். அதுதான் அவளை இன்னும் சுட்டது.

"உக்காரு சாமி, உக்காரு," என்று ஓடி வந்தான் ஜெகதீஸ்வரன். அவள் உட்கார்ந்தாள். சலவை வேட்டியோடு அவனும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். வலிப்பு வந்தபோது விழுவதற்கு உயரமே இல்லை. தோள் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. எப்போதோ அம்மா செய்ததைக் கை நினைவு வைத்திருந்தது. பூசாரி கோயில் சாவியை நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்தான்.

அவள் விழித்தபோது நிழல் தூணைத் தாண்டியிருந்தது. அண்ணன், அண்ணி இரண்டு பேரும் தரையில்தான் இருந்தார்கள். மதுமதி தண்ணீர் கொடுத்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"நீ சொல்லு அம்மிணி. என்ன பண்ணலாம்?" என்றான் ஜெகதீஸ்வரன்.

சொல் நடந்து வந்தது. அவர்கள் காத்திருந்தார்கள்.

"தொட்டிக்கு மூடி போடோணும். நான் உக்காந்தா ஒண்ணும் சொல்லக் கூடாது. அந்த நாமக்கல் ஊட்டையும் ஒருக்காக் காட்டுங்க. நானே பாத்துட்டுச் சொல்றேன்."

வீட்டிலேயே இருக்கிறேன் என்று அழுவாள் என்றுதான் அவன் எதிர்பார்த்தான். பார்த்துவிட்டுச் சொல்வதா? அவனே அந்த இல்லத்தைப் பார்க்கவில்லை, போனில்தான் பேசினான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பூசாரி, உத்தரவை மீறுனதாகுங்களா?"

சின்னண்ணன் தாடையைச் சொறிந்தார். சாமி நாமக்கல் போகச் சொன்னது, போகிறீர்கள். திரும்பி வரக் கூடாது என்று யாரும் கேட்கவுமில்லை, சாமி சொல்லவுமில்லை என்றார். நாற்பது வருசமாகப் பூசாரியாக இருப்பவர், சும்மாவா?

மலர்விழி எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். செவ்வரளியில் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். டிக்கியிலிருந்த தன் பையை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்து, வரும்போது வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். பிறகு கார் முன்கதவைத் திறந்து, வழக்கமாக அண்ணி உட்காரும் சீட்டில் போய் உட்கார்ந்தாள். மதுமதி ஒன்றும் சொல்லாமல் பின்னால் ஏறிக்கொண்டாள்.