இடப்பக்கம் சாய்ந்த மொட்டு

"நான் மாட்ட மாட்டேங்க மிஸ். கூடைய நான் திரும்பவும்—"

"மாட்டிக்கிட்டு நிக்கத்தானே சொல்றேன், கொழுந்தா எடுக்கச் சொல்—"

"இருபத்தாறு வருசம் எடுத்து முடிச்சுட்டுத்தானே இங்க வந்தேன்!"

"அக்கா, கத்தாதீங்க. முன்னுக்கு ஆக்கள் இருக்காங்க."

அந்த ஒரு சொல் போதும், வேலாயி வாயை மூடிக்கொண்டாள். கைதான் நிற்கவில்லை. பால் ஜக்கை ஈரத்துணியால் துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் புதுப் பிரம்புக் கூடை ஒன்று வார்னிஷ் வாசத்தோடு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் செங்கல் நிறச் சேலை, பொலித்தீன் உறை பிரிக்காமல்.

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருந்த பழைய துரை பங்களாவை, கொழும்புக் கம்பனி ஒன்று எடுத்துக் கோப்பிக் கடையாக்கி நாலு வருசம். தினம் அட்டனிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற ஷிராணிதான் கடைக்குப் பொறுப்பு. வேலாயி அங்கே கோப்பி போடுகிறவள். வயசில் ஷிராணிக்கு அம்மாவாக இருக்கலாம், ஆனாலும் மிஸ் என்றுதான் கூப்பிடுவாள்.

"இப்ப மலையில எவ மிஸ் கூடை தூக்குறா? உர பேக்க வெட்டித் தச்ச பையில்ல எல்லாரும் கட்டிக்கிட்டுப் போறாளுக."

"எனக்குத் தெரியாதா? எங்கம்மாவும் மலைக்குப் போனவங்கதான். கூடை இல்லாட்டிப் படத்துல அழகில்லைன்னு கொழும்புல சொல்றாங்க."

"அப்ப கூடைய மட்டும் நிக்க வைங்க."

ஷிராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் முகம் முன்னைவிடச் சோர்ந்து போனது.

"நாளைக்கு மெஷின் பூட்ட ஆள் வருதுக்கா. கோப்பைய வச்சுப் பட்டனை அமத்தினா நுரைமேல படம் தானா விழும். பால் காய்ச்சி நுரைக்க வைக்கிறதும் அதுவேதான். அப்புறம் உங்களுக்கு உள்ளுக்கு என்னா வேலை சொல்லுங்க? வாசல்ல நிக்க ஒரு ஆள் வேணும்னாங்க. நான்தான் உங்க பேரைச் சொன்னேன். சொல்லாட்டி வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

வேலாயி ஜக்கைக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் முதலில் வந்தது கோப்பை கழுவ. மேர்வின் என்ற பொடியன்தான் அப்போது கோப்பி போட்டான். அவன் கட்டாருக்குக் கிளம்பிய அதே வாரம் பௌர்ணமிப் போயா விடுமுறை வந்தது, ரயிலில் சனம் குவிந்தது. கோப்பையைச் சாய்த்துப் பிடித்துப் பாலை ஊற்ற ஊற்ற நிமிர்த்துவதை இரண்டு வருசம் கழுவுதொட்டிப் பக்கத்திலிருந்து பார்த்திருந்தவள் அவள். "குடுங்க மிஸ்" என்று ஜக்கை வாங்கினாள். மேர்வின் நுரைமேல் இதயம் போடுவான், அன்னப்பறவை போடுவான். அவளுக்கு வந்தது இரண்டு இலை, நடுவில் ஒரு மொட்டு. வேறெந்த இலையும் அந்தக் கைக்குத் தெரியாது.

மொட்டு மட்டும் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்துதான் விழும். கிள்ளிய கொழுந்தைத் தோளுக்குப் பின்னால் வீசி வீசிப் பழகிய மணிக்கட்டு, கடைசி இழுப்பில் தானாகவே ஒரு சுண்டு சுண்டிவிடும். நேராக்கப் பார்த்தால் இலையே கலைந்தது. அப்படியே விட்டுவிட்டாள்.

யாரோ ஒரு வெள்ளைக்காரி அதைப் படம் எடுத்துப் போட்டாள். படம் ஊரெல்லாம் சுற்றியது. மூன்று மாதத்தில் கடைப் பலகையில், கடதாசிப் பையில், ஷிராணியின் சட்டைப் பையில் எல்லாம் அந்த இலை. ஜோர்தானில் தையல் கம்பனியில் இருக்கிற மகள் தனுஜாவின் போனுக்குக்கூடப் போய்ச் சேர்ந்தது. "அம்மா, ஒங்க எடத்துக் கோப்பி இங்க வரைக்கும் வந்துருச்சு" என்றாள்.

"அது நான் போட்டதுடி."

"சும்மா போங்கம்மா!" மகள் சிரித்தாள். பிறகு லைன் அறுந்தது.

கூடை வந்த அன்று சாயந்தரம் வேலாயி நேரே லயத்து வீட்டுக்குப் போகவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி தராசைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிறுத்து முடித்த நாலைந்து பெண்கள் பையை உதறிக்கொண்டு நின்றார்கள்.

"அட, கோப்பிக் கடைத் துரைசாணி!" என்றாள் ஒருத்தி. "என்னாக்கா, எங்களுக்கு நொர ஊத்த வந்தீங்களா?"

"ஒனக்கு நொர எதுக்குடி? ஒன் வாயிலயே தள்ளுதே" என்றாள் வேலாயி.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "ஐயா, தோட்டத்துல எம் பேரைத் திரும்பப் பதிய ஏலுமா?" என்று கேட்டாள். சிரிப்பு நின்றது.

கணேசமூர்த்தி தலையைச் சொறிந்தார். "வெட்டின பேரு வெட்டினதுதான் வேலாயி. அஞ்சாம் நம்பர் மலையப் பாத்தியா? காடு ஏறிப் போச்சு. இருக்கிற ஆளுக்கே வாரத்துல மூணு நாள்தான் வேலை குடுக்கிறோம். ஒன்னைய எங்க நான் போட?"

"சும்மாதான் கேட்டேங்க ஐயா."

"அங்கதான் நல்லா இருக்கியே. நெழலு, காலுல அட்டை இல்ல."

"ஆமாங்க."

அந்தப் பெண்கள் அதற்குள் இறக்கத்தில் போய்விட்டிருந்தார்கள். முன்பெல்லாம் யாராவது ஒருத்தி நின்று, "வாக்கா, போவோம்" என்பாள்.

மறுநாள் விடியலில் அடுப்பை மூட்டினாள். லயத்துக்குப் பின்னால் நிற்கிற நாலு கோப்பிச் செடியில் பறித்து, கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து இடித்த தூள். கொதித்ததும் இரண்டு டம்ளரில் ஊற்றினாள். கை தன் பாட்டில் டம்ளர் விளிம்பால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டியது.

அதுதான் அந்த லயத்தின் வழக்கம். இந்தப் பக்கம் இரண்டு தட்டு, அந்தப் பக்கம் பதிலுக்கு இரண்டு. பிறகு வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடிக்க வேண்டியது. "தனியாக் குடிச்சா கோப்பி இல்லடி, கசாயம்" என்பாள் சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் இருந்த வீரம்மா. வீரம்மா மகன் வீட்டுக்கு வத்தளைக்குப் போய் எட்டு மாதம். பூட்டிய கதவில் ஒட்டடை. வேலாயி தன் டம்ளரைக் குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, ஆறிப்போயிருந்த மற்றதையும் குடித்தாள்.

அவள் கடைக்குப் போனபோது மெஷினைப் பூட்டியாகிவிட்டது. கொழும்பிலிருந்து வந்த ஆள் தரையில் முழங்காலிட்டு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். பரீட்சைக்கு ஊற்றிய கோப்பைகள் கழுவுதொட்டி ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் இரண்டு இலை, நடுவில் மொட்டு. எல்லா மொட்டும் இடப்பக்கம் ஒரே அளவு சாய்ந்திருந்தது.

"மிஸ், மொட்டு வளைஞ்சிருக்கே. நேராக்கி விடவா?" என்று அவன் கேட்டான்.

"வேணாம். அப்பிடியே விடச் சொல்லித்தான் வந்திருக்கு" என்றாள் ஷிராணி. "கையால போட்ட மாதிரி இருக்கணுமாம்."

சொன்ன பிறகுதான் வேலாயி கதவருகில் நிற்பதைப் பார்த்தாள். வரிசையில் ஒரு கோப்பையை எடுத்து நீட்டினாள்.

"குடிங்கக்கா. எப்பிடியும் கொட்டத்தான் போறோம். இன்னைக்கு யாரும் கேக்க மாட்டாங்க."

விருந்தாளிக் கோப்பையில் வேலையாட்கள் வாய் வைக்கக் கூடாது என்பது கடைச் சட்டம். பின்படியில் உட்கார்ந்து தகரக் கோப்பையில் பிளேன்டீதான். இலை சரியாக விழாத கோப்பியைக்கூடத் தொட்டியில் ஊற்றிவிட வேண்டும். வேலாயி கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். லயத்தில் செய்கிற மாதிரியே, வாயருகே கொண்டுபோய் நுரையை ஊதி ஒதுக்கினாள். ஒரு இலை மடிந்து மற்றதன்மேல் ஏறியது. ஒரு வாய் குடித்தாள்.

"என்னா, எப்பிடி?"

"ஆறிப்போச்சு மிஸ்."

கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "அந்தச் சீலைய எங்க வச்சு மாத்துறது?" என்று கேட்டாள்.

வாசலில் அழகுக்கென்று விட்டுவைத்த தேயிலைச் செடி ஆறு. கவாத்துக் காணாமல் இடுப்புக்கு மேல் வளர்ந்து, இலையெல்லாம் முற்றிக் கிடந்தன. நின்ற கொஞ்ச நேரத்தில் வேலாயியின் விரல்கள் தம்பாட்டில் முற்றலை ஒடிக்கத் தொடங்கின. ஷிராணி ஜன்னலைத் திறந்து, "பிடுங்காதீங்கக்கா! செடி மொட்டையாத் தெரியும்" என்றாள். வேலாயி கையை எடுத்துக்கொண்டாள். கூடைக்குள் பழைய தலையணை ஒன்று. அதன்மேல் நாலைந்து கொத்து இலையை மட்டும் செருகியிருந்தார்கள். பாரமே இல்லை. ஆனாலும் கயிறு உச்சந்தலையில் பழைய தழும்பைத் தேடிப்போய் உட்கார்ந்தது.

பத்தரை ரயிலில் வந்த கூட்டம் மேலே ஏறி வந்தது. கொழும்புப் பெண் ஒருத்தி, மஞ்சள் சுவெட்டர் போட்டவள், கடையிலிருந்து கோப்பையோடு வெளியே வந்தாள்.

"அம்மா, தமிழா?"

"ஆமாங்க."

"நல்லதாப் போச்சு. இந்தக் கோப்பைய இப்பிடிக் கூடைப் பக்கமாப் பிடிங்க. இலையும் இலையும் ஒண்ணா விழணும். ஆ, அப்பிடித்தான். சிரிங்க."

வேலாயி சிரித்தாள். கோப்பை சூடாக இருந்தது. அவள் கட்டைவிரலுக்கு நேர் மேலே நுரை அசையாமல் நின்றது.

"கை நடுங்காமப் பிடிக்கிறீங்களே! எல்லாருக்கும் கொட்டிரும்." அந்தப் பெண் இரண்டு மூன்று படம் எடுத்தாள். போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கோப்பையைக் குனிந்து பார்த்தாள். திரும்பிக் கடைப் பலகையையும் பார்த்தாள்.

"அங்கயும் இப்பிடித்தான் இருக்கு. ரெண்டு இலையும் எவ்வளவு ஒழுங்கா இருக்கு, இந்த மொட்டு மட்டும் ஏன் இடப்பக்கம் சாஞ்சிருக்கு? உங்களுக்குத் தெரியுமாம்மா?"