கட்டளை வாக்கியம் கூடாது

சமையல் எரிவாயுக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போனை எடுத்தால் ஆங்கிலம்தான். அந்த ஆங்கிலத்துக்கு மெருகேற்ற ஒரு மொழிப் பயிற்சி அதிகாரி வந்து சேர்ந்தார். சொல்லுக்குச் சொல் விரலை உயர்த்தி நிறுத்துவதால் வந்த வாரமே 'கமா' ஆகிவிட்டார். நோக்கத்தை வைத்து ஆங்கில வாக்கியம் நான்கு வகை என்று, தானே பெற்றெடுத்த பிள்ளைகளை அறிமுகப்படுத்துவதுபோலப் பலகையில் எழுதினார். செய்தியும் வினாவும் தங்கமான பிள்ளைகளாம். கட்டளையும் உணர்ச்சியும் வீட்டைவிட்டுத் துரத்த வேண்டிய தறுதலைகளாம்.

"வாடிக்கையாளர், ராஜா. ராஜாவுக்கு, யாராவது, கட்டளை போடுவாங்களா?"

"ராஜா வீட்ல காஸ் கசிஞ்சா என்ன சார் பண்றது?" அங்கே வயதில் மூத்தவள், எல்லோருக்கும் அக்கா, கேட்டாள்.

"கேள்வியா கேளுங்க. வெளியே செல்வதைப் பற்றி யோசிக்க இயலுமா? ஆஹா, எவ்ளோ அழகு!"

"அது உணர்ச்சி வாக்கியம் சார்" என்றான் பக்கத்து சீட்டுக்காரன். கமாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

பேச்சைக் கேட்டு வகை பிரிக்க ஒரு மென்பொருளும் வாங்கிப் போட்டார்கள். கட்டளை வாயில் வந்தால் திரை சிவக்கும். அக்காவுக்கு ஏற்கெனவே ஒரு தடவை சிவந்திருந்தது. இன்னொரு தடவை சிவந்தால் சீட்டு காலி. வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

அப்போதுதான் அவளுக்கு அந்த அழைப்பு வந்தது. ஒரு இளம் தாய். சமையலறையில் காஸ் வாடையாம், குழந்தை தூங்குகிறதாம், ஃபேனைப் போட்டால் வாடை போய்விடுமா என்று கேட்டாள்.

"டோன்ட் டச் தி ஸ்விட்ச்! டேக் தி பேபி! கெட் அவுட்!"

திரை ரத்தமாய்ச் சிவந்தது. குழந்தையின் அழுகையோடு தெரு இரைச்சலும் கேட்கும்வரை அக்கா போனை வைக்கவில்லை. பிறகு பழுது பார்க்க ஆளை அனுப்பினாள்.

உடனே கண்ணாடி அறைக்கு அழைப்பு. உள்ளே மேனேஜரும் கமாவும்.

"உயிர், தப்பிச்சது, சந்தோஷம். ஆனா, தொனி?"

"உசுரு போற நேரத்துல தொனியாவது மண்ணாவது!"

"சுவிட்சைத் தவிர்க்க முடியுமான்னு, கேட்டிருக்கலாமே?"

"முடியாதுன்னு அவ சொல்லிட்டா? எந்த ஆஸ்பத்திரி பிடிக்கும்னு அடுத்து கேக்கணுமா சார்?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "ஏம்மா வம்பு? அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டு, அதிகாரமா பேசினதுக்கு மன்னிப்பு கேட்டுடுங்க. விஷயத்தை இதோட விட்டுடலாம்."

காப்பாற்றியதற்கு மன்னிப்பு! கேட்டுவிட்டால் வேலை மிஞ்சும். அக்கா எண்ணை அழுத்தினாள். அறை முழுக்கக் கேட்கும்படி கமா ஸ்பீக்கரைப் போட்டார்.

அந்தப் பெண்ணின் குரலில் இன்னும் நடுக்கம். தெருவில்தான் நிற்கிறாளாம். பழுது பார்ப்பவர் குழாய் விரிசலைக் கண்டுபிடித்துவிட்டாராம். பால் புட்டி உள்ளே இருக்கிறது, ஓடிப்போய் எடுத்து வரட்டுமா என்று கேட்டாள்.

மன்னிப்பு அக்காவின் நுனிநாக்குவரை வந்திருந்தது. அதை விழுங்கினாள்.

"நோ! ஸ்டே அவுட்! பக்கத்து வீட்டில் பால் கேட்டு வாங்கு. பழுது பார்ப்பவர் சரியென்று சொல்லும்வரை உள்ளே காலை வைக்காதே" என்று ஆங்கிலத்தில் அதட்டினாள்.

"தேங்க் யூ" என்றது ஸ்பீக்கர், அழுதுகொண்டே.

போனை வைத்துவிட்டு, யாரும் கேட்குமுன் அக்கா அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். படியிறங்கும்போதுதான் அந்த மாதச் சம்பளம் நினைவுக்கு வந்தது. வீட்டில் என்ன சொல்வது?

மேலே கமா, அடுத்த வகுப்புக்குப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.