கேட்காமல் போகலாம்

உதயகலா ரீச்சர் கரும்பலகையில் 'இனப்பெருக்கச் சுகாதாரம்' என்று எழுதி முடிக்குமுன்பே இரண்டு பிள்ளைகள் எழுந்து வெளியே போனார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தாம் ஆண்டுக்கு இந்த அலகைத் தொடங்கிய அன்றே சொல்லியிருந்தார்: இந்தப் பாடத்தில் யாரும் கேட்காமல் வெளியே போகலாம், குழாயடியில் நிற்கலாம், ஏன் போனாய் என்று விசாரிக்கமாட்டேன்.

"ரீச்சர், எனக்கும் தாகம்," என்றான் டிலக்ஷன்.

"நேற்றும் உனக்குத்தானே தாகம்."

"வெயில், ரீச்சர்."

வகுப்பு சிரித்தது. ரீச்சர் விட்டுவிட்டார். இவனைப் போன்றவர்கள் போனால்தான் கஜந்தினி போவது தெரியாது.

கஜந்தினி இந்தத் தவணை வந்து சேர்ந்தவள். தெல்லிப்பழையில் சித்தி வீட்டில் இருக்கிறாள். சேர்த்த அன்று சித்தி ரீச்சரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

"இவளிலை கை வைச்சவன் சொந்தத்துக்குள்ளைதான், ரீச்சர். வழக்கு நடக்குது. பழைய பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்குத் தெரிஞ்சுபோச்சு. பக்கத்திலை இருக்கமாட்டம் எண்டிட்டினம். இங்கையும் தெரிஞ்சுதெண்டால் இவள் இனிப் படிக்கமாட்டாள்."

முதல் நாள் பாடம் முடியும்வரை வெளியே நின்றவள், போன கிழமை பாதியில் திரும்பி வந்தாள். கடைசி வரிசை வாங்கில் அமர்ந்து, விருப்பமில்லாத தொடுகையை மறுப்பது பற்றிய பகுதியைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

மத்தியானம் அதிபர் சிவசுப்பிரமணியம் ரீச்சரைக் கூப்பிட்டார்.

"குழாயடியிலை ஒரு வகுப்பு, உள்ளுக்கை ஒரு வகுப்பு. வலயக் கல்வி அலுவலகத்திலை இருந்து வாறவை கண்டால் என்ன சொல்லுவினம்?"

"இந்தப் பாடத்துக்கு மட்டும்தான், சேர்."

"அப்ப ஆருக்கோ பிரச்சினை. பேரைச் சொல்லுங்கோ. அந்தப் பிள்ளையை நான் விடுறன். நான் என்ன கல்லே?"

"பேரைச் சொன்னால் பிரயோசனமில்லை, சேர். எல்லாரும் போகலாம் எண்டால்தான் அந்த ஒரு ஆளும் போகலாம்."

"உங்கடை கதை எனக்கு விளங்கேல்லை, ரீச்சர்."

அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. ரீச்சர் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு இன்னொரு விதமாகவும் சொல்லிப் பார்த்தார். அதிபர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"நாளைக்கு நானும் வந்து இருக்கிறன்."

அடுத்த நாள் அதிபர் வகுப்பு வாசலில் கதிரையைப் போட்டு அமர்ந்தார். ரீச்சர் போசாக்குப் பாடத்தை எடுக்கப் புத்தகத்தைப் புரட்டினார்.

"அது வேண்டாம். நேற்று விட்ட இடத்திலை இருந்து நடத்துங்கோ," என்றவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "உண்மையா ஏலாத பிள்ளை ஆரும் இருந்தால் எழும்பிச் சொல்லட்டும். நான் விடுவன்."

டிலக்ஷன்கூடக் குனிந்தே இருந்தான். ரீச்சர் முதல் வரியை மிக மெதுவாக வாசித்தார். இரண்டாவது வரியில் கடைசி வாங்கு கிறீச்சிட்டது.

"எனக்குத்தான், சேர்."

மேசை விளிம்பைப் பிடித்தபடி கஜந்தினி நின்றாள். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"என்ன, பிள்ளை?"

"எனக்குத்தான் ஏலாது. விடுங்கோ."

முழு வகுப்பும் திரும்பியது. அதிபரின் முகம் கனிந்தது.

"இவ்வளவுதானே. முந்தியே சொல்லியிருக்கலாமே."

அவள் கொப்பியைப் பைக்குள் வைத்தாள். பென்சில்களையும் தண்ணீர்ப் போத்தலையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"பாக் என்னத்துக்கு?" என்றார் அதிபர். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவர் எழுந்து கதிரையை இழுத்து வழிவிட்டார். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் யன்னலால் எட்டிப் பார்த்தாள். பிறகு எல்லோரும் பார்த்தார்கள்: கஜந்தினி குழாயடியில் நிற்காமல் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

"நீங்கள் தொடருங்கோ, ரீச்சர்," என்று சொல்லி அதிபர் கதிரையை மறுபடி வாசலில் போட்டார்.