தாது வருஷத்தில் ஓர் ஆளுக்கு இடம்

மேவிஸ் கின்லாக்கின் முப்பாட்டனார் டங்கன், ஏற்காட்டில் அவள் வீட்டுச் சமையலறையில் பதினோரு நாளாக நின்றுகொண்டிருந்தார். ஸ்காட்லாந்துக்காரர். இறந்து நூற்றிருபது வருஷம் ஆகிறது. வரலாற்றில் இடம் கிடைக்காத முன்னோரை வைத்திருக்கும் வீட்டாரின் பிறந்தநாள் ரத்தாகும் என்று நோட்டீஸ் வந்தது. மேவிஸுக்கு அடுத்த மாதம் அறுபது. அவரைப் பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டிப்போனாள்.

சரித்திர அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒரு கதவு. நடக்க நடக்க நடைவழி நீண்டது. குமாஸ்தா வேதமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தபடியே கூட வந்தார்.

"இவரு என்னம்மா பண்ணாரு?"

"காப்பித் தோட்டத்துல தினம் மழை அளந்து எழுதினாரு சார்."

"சண்டை கிண்டை?"

"மழை மட்டும்தான்."

டங்கன் ரயில் வந்த வருஷத்தின் கதவைத் தொட்டார். "இது நல்லா இருக்குது."

"அங்க ஃபுல்லு." வேதமூர்த்தி டங்கனின் மழை நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கம் முழுக்கச் சைபர். அடுத்த பக்கமும் சைபர். "தாது வருஷப் பஞ்சம். இவரு இடம் அதுதான்."

டங்கன் தொப்பியைக் கழற்றினார். "நான் பஞ்சம் பார்க்கலே. மழைப் புட்டி மட்டும் பார்த்தது. புட்டி காலி."

கதவு திறந்தது. உள்ளே எலும்பும் தோலுமாக ஆயிரம் பேர். சத்தமே இல்லை. ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். அவளுக்கு மேவிஸின் மோவாய்.

"வாங்க தொரை. இத்தன நாளு எங்க போனீங்க?"

"யாரிது?" என்றாள் மேவிஸ்.

டங்கன் தரையைப் பார்த்தார். "என் பெண்சாதி. நோட்டுல எழுதலே."

மேவிஸுக்குக் காது மடல் சுட்டது. குடும்ப பைபிளில் டங்கனின் பெயருக்குப் பக்கத்தில், மனைவி பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடுதான்.

கூட்டம் ஓர் ஆள் அகலத்துக்கு ஒதுங்கியது. டங்கன் உள்ளே போய் நின்றார்.

"முடிஞ்சுதும்மா. உங்க பொறந்தநாள் செல்லும். கெளம்புங்க" என்றார் வேதமூர்த்தி.

கதவு சாத்திக்கொள்ளப் போனது. மேவிஸ் செருப்புக் காலை இடுக்கில் வைத்தாள்.

"இந்த அம்மாவுக்கு ஒரு ஃபாரம் குடுங்க சார்."

"அவங்கதான் உள்ள இருக்காங்களே?"

"பேரில்லாம இருக்காங்க."

"எழுதினா உங்க பொறந்தநாள் மறுபடி விசாரணைக்குப் போகும்."

மேவிஸ் ஃபாரத்தை வாங்கினாள். "போகட்டும்" என்று பேனாவைத் திறந்தாள். "ஆத்தா, உங்க பேரு?"

"பூவாயி. மெதுவா எழுது கண்ணு."

எழுதினாள். பூவாயிக்குப் பின்னால் நின்றவள் தன் பெயரைச் சொன்னாள். அவளுக்கும் பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

மேவிஸ் ஒரு கட்டு ஃபாரம் வாங்கிக்கொண்டு, வாசலிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.