மூக்கிலா, வாலிலா?

1

"இறங்குங்கப்பா, டிக்கெட்டு வாங்கி—"

"நான் வரலன்னு வீட்டிலேயே—"

"—வாங்கியாச்சு, மூணு பேருக்கும். இனிமே—"

"—வீட்டிலேயே சொன்னேனா இல்லையா? உங்கம்மாவக் கேளு."

"அம்மாவ எதுக்கு நடுவுல இழுக்கறீங்க? பொறந்தநாளும் அதுவுமா கார்லயேவா உக்காந்திருப்பீங்க?"

"ஆமா. கண்ணாடிய மட்டும் கொஞ்சம் இறக்கி வச்சிட்டுப் போங்க, புழுங்குது."

இந்தக் கதை எனக்கு இங்கேதான் கிடைத்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு சின்ன விமான அருங்காட்சியகத்தின் வாசலில், காரின் பின் சீட்டில். எனக்குக் கதைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை, காதில் விழும். யார் என்ன நிறத்தில் சட்டை போட்டிருந்தார்கள் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். யார் எந்த வார்த்தையில் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

அதட்டிக்கொண்டிருந்தவள் என் மகள். பல் டாக்டர். முன்பின் தெரியாதவர்களை எல்லாம் 'ஆ' என்று வாயைத் திறக்க வைப்பவளால் அப்பாவைக் கார்க் கதவைத் திறக்க வைக்க முடியவில்லை. அடம் பிடித்துக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். அன்றோடு எழுபத்து நாலு முடிகிறது. அப்பா ஒரு காலத்தில் பழுதுபார்த்த விமானம் அந்த அருங்காட்சியகத்துக்கு வந்திருக்கிறது என்று மகள் எங்கேயோ படித்துவிட்டு, பிறந்தநாளுக்கு அதுதான் பரிசு என்று அழைத்து வந்துவிட்டாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

எனக்குத் தெரியும். எவ்வளவு தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்ல வேண்டுமா என்று இந்த வரியை எழுதும்போதும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

2

வேறு மாதிரியும் ஆரம்பித்துப் பார்த்தேன்.

'வெள்ளிச் சிறகுகளை விரித்து நின்றது அந்த உலோகப் பற— '

அடித்துவிட்டேன். "வெள்ளி இல்ல, அலுமினியம்" என்பார் இவர்.

'சில ரகசியங்கள் மனிதனுக்கு முன்பே கிழடாகி— '

இது யார் குரல் என்று எனக்கே தெரியவில்லை. போகட்டும். விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் முழிக்க வேண்டாம்.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் இவர் விமான மெக்கானிக். பதினெட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானங்கள். பழுதுபார்க்கும் கொட்டகையில் ஒரு பெரிய பலகை உண்டு. ஒவ்வொரு கருவியின் உருவமும் கறுப்பு மையில் அதில் வரைந்திருக்கும். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அதனதன் உருவத்தின் மேல் மாட்ட வேண்டும். ஒரே ஒரு உருவம் காலியாகத் தெரிந்தாலும் விமானம் நகரக் கூடாது. கருவி கிடைக்கும் வரை பிரித்துப் போட்டுத் தேட வேண்டும். ஏனென்றால் உள்ளே விட்டுப்போன ஒரு ஸ்பேனர் எங்கே போய்ச் சிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஒருநாள் இவர் அந்த விமானத்தின் மூக்குச் சக்கரத்தில் கொஞ்சம் வேலை செய்தார், வாலுக்குள் நுழைந்து கொஞ்சம் வேலை செய்தார். வெளியே வந்தபோது பதினேழு என்று கொட்டகை எண் குத்திய ஸ்பேனர் கையில் இல்லை. மூக்கில் விட்டாரா, வாலில் விட்டாரா, ஞாபகம் இல்லை. விமானம் போய்விட்டது.

பதினோராம் நாள் அதே விமானம் தரையிறங்கும்போது மூக்குச் சக்கரம் வெளியே வரவில்லை. மூக்கால் ஓடுபாதையை உழுதுகொண்டே போய் நின்றது. யாரும் சாகவில்லை. விமானிக்கு மட்டும் முதுகெலும்பில் அடி. அதற்குப் பிறகு அவர் பறக்கவே இல்லை.

என்ன காரணம் என்று இவர் விசாரிக்கவில்லை. விசாரித்தால் 'உனக்கெதுக்கு இவ்வளவு அக்கறை' என்று யாராவது திருப்பிக் கேட்பார்களே. ரெண்டே மாதத்தில் வேலையை விட்டார். லிஃப்ட் மெக்கானிக் ஆனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்ததும் கரண்டிகளை எண்ணுகிறவர் இவர்தான். ஒன்று குறைந்தாலும் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிடுவார். "உங்கப்பா ரொம்பச் சுத்தம்" என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

3

காரிலிருந்து அவரை இறக்கியது மகளின் பாசமோ என் கெஞ்சலோ என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். 'நான் மெல்ல அவர் கையைப் பற்றி— ' இல்லை. உண்மை இதுதான்:

"ஏம்மா, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?"

"உள்ளதான்பா. விமானத்தத் தாண்டிப் போகணும்."

சீட் பெல்ட் கழலும் சத்தம். பிறகு கதவு திறந்தது.

எழுபத்து நாலு வயதில் எந்த வைராக்கியத்துக்கும் ஒரு மணி நேரம்தான் ஆயுசு.*

(* இந்தப் பகுதியை எடுத்துவிடச் சொல்வார். எடுக்க மாட்டேன்.)

4

முன்பு ஏதோ கிடங்காக இருந்த இடம். தகரக் கூரை. ஒரு முழு விமானம், ஒரு அரை விமானம், ஸ்டாண்டில் ஏற்றிய இன்ஜின், வழவழவென்று தேய்ந்த டயர்கள், கண்ணாடிப் பெட்டிகள். கையெல்லாம் கிரீஸோடு ஒரு பெண் வந்தாள்.

"வாங்கம்மா. நான்தான் இங்க காப்பாளர். டிக்கெட் கிழிக்கறது, பெருக்கறது, விமானத்துக்குப் பெயின்ட் அடிக்கறது எல்லாமும் நான்தான். எதா இருந்தாலும் என்னையத்தான் திட்டணும்."

இந்தப் பெண்ணை முதல் பிரதியில் நரைத்த தாடியுள்ள கிழவராக மாற்றியிருந்தேன். கதைக்கு அதுதான் கனம் என்று ஒரு நினைப்பு. ஆனால் கிழவரைப் பேசவிட்டால் தத்துவம் பேச ஆரம்பித்துவிட்டார். அனுப்பிவிட்டேன்.

இவர் தலையைக் குனிந்தபடி விமானத்தைப் பார்க்காமலே தாண்டிப் பாத்ரூமுக்குப் போய்விட்டார். மகள் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று சத்தமாக வாசித்தாள்.

"'விமானத்தைப் பிரித்தபோது உள்ளே கிடைத்தவை.' அம்மா, இங்க வாயேன். ஒரு சீப்பு. கொழந்தையோட ஒத்தக் கால் சாக்ஸ். மூக்குக் கண்ணாடில பாதி. அட, ஒரு ஸ்பேனர்! எவனோ உள்ள விட்டுட்டுப் போயிருக்கான் பாரேன். நான் இப்படிப் பஞ்ச ஈறுக்குள்ள வச்சுத் தச்சா சும்மா விடுவாங்களா?"

"மெதுவாப் பேசுடி."

"எதுக்கு மெதுவா? பதினேழுன்னு நம்பர் வேற போட்டிருக்கு. அந்தப் பதினேழ இன்னிக்குப் புடிச்சாக் கூட—"

"எங்கேர்ந்து எடுத்தீங்க?"

என் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். ஈரக் கையைக்கூடத் துடைக்கவில்லை. தரையில் சொட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. கேள்வி மகளுக்கு இல்லை, காப்பாளருக்கு.

இந்த இடத்தில் நான் நாலு நாள் எழுதாமல் இருந்தேன். 'மூக்கு' என்று எழுதினால் இது ஒரு கதை. அந்த மனிதர் எப்படிக் காருக்குத் திரும்பி நடப்பார், யார் கையைப் பிடிப்பார் என்று பத்துப் பக்கம் ஓடும். விமர்சகர்கள் மெச்சுவார்கள். எழுதியும் பார்த்தேன்:

'"மூக்குப் பக்கம்தான் சார். சக்கரம் மடங்கற எடத்துல— "'

என் கையே ஒத்துழைக்கவில்லை. நடந்தது வேறு. நடந்ததையே எழுதுகிறேன்.

"வாலுலேர்ந்து சார்," என்றாள் அந்தப் பெண். "நான்தான் ஊர்ந்து போய் எடுத்தேன். ஒரு மூலைல அழுக்கோட அழுக்கா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

"வால்லயா?"

"வால்லதான்."

"நல்லாத் தெரியுமா?"

"என் தலைல இடிச்ச வீக்கமே ஒரு வாரம் இருந்துச்சு சார். மறப்பேனா?"

"அப்போ மூக்குச் சக்கரம்…"

"அதுவா? அது போல்ட்டு. செய்யும்போதே உள்ள விரிசல். விசாரணை அறிக்கை அந்தச் சுவத்துல மாட்டியிருக்கு. போல்ட்டு கூட பக்கத்துப் பெட்டிலதான் இருக்கு. அந்த விமானி இருக்காரே, கம்பு ஊனிக்கிட்டு வருஷா வருஷம் வருவார். போல்ட்டப் பாத்து நாலு கெட்ட வார்த்த திட்டிட்டு, டீ குடிச்சிட்டுப் போவார்."

இவர் அங்கே கிடந்த படிக்கட்டில் உட்கார்ந்தார். பயணிகள் விமானத்தில் ஏறும் சக்கரம் வைத்த படிக்கட்டு. உட்கார்ந்ததும் அது ரெண்டடி உருண்டது. அவர் சிரித்தார். முதலில் மூக்கால், அப்புறம் வயிற்றால். நான் பார்த்துக்கொண்டிருந்தேனா என்று கேட்காதீர்கள், கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பை நான் முப்பத்தோரு வருஷமாகக் கேட்டிருக்கவில்லை.

"அப்பா, என்னப்பா? தண்ணி வேணுமா?"

"அந்தப் பதினேழு நான்தான்மா."

எல்லாவற்றையும் எங்கள் மூன்று பேரிடமும் சொன்னார். மகள் ஈறையும் பஞ்சையும் நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தாள். காப்பாளர் மட்டும் வேலை தெரிந்தவளாகவே பேசினாள்.

"சார், ஒண்ணு சொல்றேன். அதுக்கு ரெண்டு விரல் தள்ளி வாலத் திருப்பற கேபிள் போகுது. அதுல மாட்டியிருந்தா கத வேற. மாட்டல. மூக்கச் சரி பண்ணி, அதுக்கப்புறம் ஒம்பது வருஷம் உங்க ஸ்பேனரையும் ஏத்திக்கிட்டுத்தான் பறந்திருக்கு."

"தெரியும்மா," என்றார். "அது தப்பு இல்லன்னு சொல்லிக்க மாட்டேன். ஆனா அந்த முதுகெலும்பு என்னுது இல்லல்ல?"

"இல்ல சார். போல்ட்டோடது."

திரும்பி வரும்போது காரில் விசிலடித்தார். சுருதி சேரவில்லை. யாரும் திருத்தவில்லை.

5

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நிம்மதியாக, விசிலோடு. இதுவரை படித்துவிட்டு மூடி வைத்துவிடுபவர்கள் தாராளமாக வைத்துவிடலாம்.

ஆனால் அன்று மகள் கேட்டாள்: "பலகைல காலியாத் தெரிஞ்சிருக்குமேப்பா?"

"சூப்பர்வைசர் சரியாப் பாக்கலம்மா. வெளிச்சம் கம்மி."

அப்படித்தான் அவர் சொன்னார். அப்படித்தான் நானும் முதல் பிரதியில் எழுதினேன். பொய்.

அன்றைக்கு மத்தியானம், ஒருநாளும் வராத நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்தார். என்னிடம் பேசாமல் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டார். குழாயைத் திறந்துவிட்டார். குளிக்கிற சத்தம் இல்லை. வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. அதற்குள்ளே உப்புத்தாள் வைத்து இரும்பைத் தேய்க்கிற கரகரப்பு. அப்புறம் ஆணியும் சுத்தியலும். டொக், டொக், டொக். ஒரு நேர்கோடு. இடைவெளி. மறுபடி டொக், டொக், டொக். ஒரு மடக்குக் கோடு. அடுப்படியில் நின்று பதினாறு அடி எண்ணினேன்.

அவர் போன பிறகு பாத்ரூமில் ஒரு புது ஸ்பேனரின் காகித உறை ஈரமாகக் கிடந்தது. அதை எடுத்து அடுப்பில் போட்டேன்.

பலகை காலியாகத் தெரியவில்லை. புதுசை வாங்கி, பளபளப்பைத் தேய்த்து, பதினேழு என்று குத்தி, அந்தக் கறுப்பு உருவத்தின் மேல் மாட்டிவிட்டார். மறந்துபோனது ஒரு தப்பு. மாட்டியது இன்னொரு தப்பு. அருங்காட்சியகத்தில் அவர் சொன்னது முதலாவதை மட்டும்தான்.

பதினோரு நாள் கழித்து விபத்துச் செய்தி வந்தபோது எனக்கு அந்தச் சத்தங்களும் அந்த உறையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நான் அவரை ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றால்,

நான் கேட்டிருந்தால் அவர்

மகளுக்கு அப்போது ஒன்பது வயது, பள்ளிக்கூடத்

எனக்குப் பயமாக இருந்தது என்று சொன்னால் அது

(மூன்றையும் அடிக்காமல் விட்டு வைக்கிறேன். எதை முடித்தாலும் மற்ற ரெண்டும் பொய்யாகிவிடுகிறது.)

6

இந்த ஐந்தாம் பகுதியை எடுத்துவிடலாம். எடுத்தால் அவர் நிம்மதி அப்படியே இருக்கும், கதையும் விசிலோடு முடியும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

இல்லாவிட்டால் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து வாயால் சொல்லலாம். நான் எழுதுகிற மனிதர்கள் எல்லாம் வாயால்தான் சொல்கிறார்கள். எனக்கு வரவில்லை. மூன்று தடவை "என்னங்க" என்று கூப்பிட்டேன். மூன்று தடவையும் "காபி வேணுமா?" என்று முடித்தேன். அவர் மூன்று காபி குடித்தார்.

கடைசியில் ஐந்தாம் பகுதியையும் சேர்த்தே அவர் முன்னால் வைத்துவிட்டேன். என் கதைகளை முதலில் படிப்பவர் எப்போதும் அவர்தான். நான் பக்கத்து நாற்காலியில் அவரைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். காது மட்டும் அங்கே.

மூன்றாம் பகுதியில் "ஏய், இதையெல்லாமா எழுதுவே?" என்றார். போல்ட்டைத் திட்டிய விமானி வந்ததும் சிரித்தார். ஐந்தாம் பகுதிக்குத் தாளைப் புரட்டினார். அதற்குப் பிறகு தாள் புரளவில்லை. ஒரு பக்கம் படிக்க இவ்வளவு நேரம் ஆகாது. திரும்பவும் முதல் வரியிலிருந்து படிக்கிறார் என்று மூச்சை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைக்கிற சத்தம். கோபமா, அழுகையா, சிரிப்பா என்று அந்தக் குரலை மட்டும் என்னால் பிரிக்க முடியவில்லை. என்ன பதில் சொல்லலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள். என் இடத்தில் உட்கார்ந்து நீங்களே கேளுங்கள்:

"ஏண்டி, ஊர்ல ஒரு சேதி விடாமப் பேசற வாயி, இத மட்டும் முப்பத்தோரு வருஷம் எப்படிடி உள்ளயே வச்சிருந்தே?"