சித்தப்பாவை வெளியேற்றிய சொல்

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கப் பொத்தான் இல்லாத ரேடியோ. அவள் படித்து, பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் ஆகப்போகிறாள் என்றதும் சித்தப்பாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. "நம்ம ரத்தத்துலயே ஊறினதும்மா. குடும்பத்துக்கே நாக்குதான் சொத்து" என்றார். சித்தப்பா மைக்கைப் பார்த்தால் விடமாட்டார். மைக் இல்லாவிட்டாலும் விடமாட்டார்.

படிப்பில் சேர, ஒரு நாள் பயிற்சி அறையில் உட்கார்ந்து கவனித்து, அங்குள்ள தெரபிஸ்டிடம் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். மதியத்துக்குள் நாலு பிள்ளைகளிடம் அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் ரேடியோவே பதில் சொல்லிவிட்டாள். தெரபிஸ்ட் படிவத்தை இழுப்பறைக்குள் வைத்தார்.

"இங்க நம்ம வேலை பேசறது இல்லம்மா, காத்திருக்கறது. கடைசிப் பிள்ளை போற வரைக்கும் வாயத் திறக்காம இரு, கையெழுத்து போடறேன். இன்னொண்ணு, பிள்ளை எதைக் கேட்டாலும் அந்த நொடியே நடக்கணும். அப்பதான் சொன்னா பலன் உண்டுன்னு அதுக்குப் புரியும்."

கடைசிப் பிள்ளை மூன்று வயதுச் சிறுமி. இன்றுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. தெரபிஸ்ட் ஒருமுறை சோப்புக் குமிழி ஊதிக் காட்டினார். பிறகு குப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். சிறுமி குப்பியையே பார்த்தாள். ரேடியோ மனசுக்குள் எண்ணினாள். ஆறு எண்ணும்போது 'ஊது' அவள் தொண்டை வரை வந்துவிட்டது. கைக்குட்டையைக் கடித்துக்கொண்டாள். ஏழு. எட்டு.

கதவு திறந்தது. அவளை அழைத்துப்போக வந்த சித்தப்பா, அறையில் நிலவிய அமைதியைத் தனக்கான அழைப்பாக எடுத்துக்கொண்டார்.

"மொழி என்பது மனித குலத்தின் மகத்தான..."

சிறுமி திரும்பி அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"போ" என்றாள்.

மூலையில் இருந்த சிறுமியின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ரேடியோ எழுந்தாள். மூச்சுக்கூட விடாமல் சித்தப்பாவின் முழங்கையைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

ஒரே சொல்லில் இவ்வளவு பெரிய ஆள் மாயமாகிவிட்டாரே என்று சிறுமிக்குத் தலைகால் புரியவில்லை. கதவைக் காட்டிக் குதித்தாள். தெரபிஸ்ட் கண்ணைக் காட்ட, ரேடியோ சித்தப்பாவை மறுபடி உள்ளே இழுத்தாள்.

"மொழி என்பது..."

"போ."

பதினோரு முறை. ஐந்தாவதில் பேச்சு 'மொழி'யோடு நின்றது. ஒன்பதாவதில் சித்தப்பா தொண்டையை மட்டும் கனைத்தார். அதற்கே தீர்ப்பு வந்துவிட்டது.

தெரபிஸ்ட் படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "நீ படிச்சு முடிச்சிட்டு வாம்மா. சித்தப்பா மட்டும் வாராவாரம் தவறாம வரணும்."

சித்தப்பா வியர்வையைத் துடைத்துச் சட்டையை நீவிக்கொண்டார். "வந்துட்டாப் போச்சு. எவ்வளவு நேரம் பேசணும்?"

"பிள்ளை சொல்ற வரைக்கும்."